மூன்றாவது சிலிண்டர்

ஜூன் 3

மருமகளுக்கு,

இப்படி ஆரம்பிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் இரண்டு தாளைக் கசக்கிப் போட்டாயிற்று. வேறு எப்படிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை. இப்படியே இருக்கட்டும். நீ பஸ் டிப்போ பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருப்பதாக உதிரிபாகக் கடைக்காரர் சொன்னார். டிப்போ முகவரி போட்டு அனுப்புகிறேன், உன் கைக்கு வந்தால் சரி.

நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. போகும்போது என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைக் கேட்க இதை எழுத உட்காரவில்லை. ஆனால் கேட்காமலும் இருக்க முடியவில்லை. கேட்டுவிட்டேன். இனி விஷயம்.

உன் அத்தைக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அந்தப் பக்கம். தையல் கடையை மத்தியானமே மூடிவிட்டு நான்தான் காரில் கூட்டிப் போகிறேன். திரும்பும்போது அவளால் உட்கார முடியாது. பின் சீட்டில் படுத்துக்கொண்டு வருவாள், சில நாள் வாந்தியும் வரும்.

நீ இருந்தவரை அந்த வண்டி ஒரு நாள்கூட மக்கர் பண்ணியதில்லை. இப்போது சிக்னலில் நின்றால் உடம்பெல்லாம் உதறுகிறது. நல்லா ஓடிக்கொண்டிருக்கிற மிஷின் நடுவில் ஒரு தையலை விட்டுவிட்டு ஓடுமே, அந்த மாதிரி சத்தம். போன வாரம் பாலத்தின் மேலே ஏறும்போது நின்றேவிட்டது. பின்னால் ஒரே ஹார்ன். அத்தை படுத்தபடியே, "அவசரப்படாதீங்க, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றாள். நான்தான் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

மூலைக்கடை மெக்கானிக் நாலு ஸ்பார்க் பிளக்கையும் மாற்றினார். ஒன்றும் ஆகவில்லை. "இன்ஜினப் பிரிச்சாத்தான் தெரியும், இல்லேன்னா வித்துடுங்க சார்" என்கிறார். பையனும் வெளிநாட்டிலிருந்து போனில் அதையேதான் சொல்கிறான். அடுத்த மாசக் கடைசியில் லீவில் வருகிறானாம், வந்ததும் ஆள் பார்த்து விற்றுவிடலாமாம்.

எனக்கு உன்னைக் கேட்கத் தோன்றியது. அவ்வளவுதான்.

மாமா

ஜூன் 9

மாமாவுக்கு,

கடிதம் வந்தது. அத்தைக்கு உடம்பு முடியவில்லை என்று எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. படித்துவிட்டு ஒரு பஸ்ஸுக்கு அடியில் போய்ப் படுத்திருந்தேன். நான் வேலை செய்வதாக மேஸ்திரி நினைத்துக்கொண்டார்.

இன்ஜினைப் பிரிக்க வேண்டாம். விற்கவும் வேண்டாம். நீங்கள் சொல்வது மிஸ்ஸிங். நாலு சிலிண்டரில் ஏதோ ஒன்று தன் முறை வரும்போது வேலை செய்யாமல் சும்மா இருக்கிறது. எது என்று முதலில் கண்டுபிடிப்போம்.

மெக்கானிக் கழற்றிய பழைய பிளக் ஒன்று இருக்கிறதா பாருங்கள். இன்ஜினை நிறுத்திவிட்டு, ரேடியேட்டர் பக்கமிருந்து முதலாவது பிளக் வயரைக் கழற்றுங்கள். அதன் முனையில் பழைய பிளக்கைச் செருகி, இன்ஜினின் உலோகத்தில் படும்படி படுக்க வையுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து காதால் கேளுங்கள். இன்ஜின் ஓடும்போது வயர் பக்கம் கை போகக் கூடாது, ஷாக் அடிக்கும். கழற்றியதும் இன்ஜின் இன்னும் மோசமாக உதறினால் அந்தச் சிலிண்டர் உழைக்கிறது என்று அர்த்தம். நிறுத்தி, வயரை மாட்டிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். எதைக் கழற்றினாலும் மாட்டினாலும் ஒரே மாதிரி இருக்கிறதோ, அதுதான் சோம்பேறி.

போன் நம்பர் தரமாட்டேன் மாமா, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் குரலைக் கேட்டால் எனக்கு அழுகை வரும், பதில் வராது. எழுதிக் கேளுங்கள்.

இன்னொன்று. நான் சொல்லாமல் போகவில்லை. வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போனேன்.

ஜூன் 15

அம்மா,

பிடித்துவிட்டேன். மூன்றாவது. ஒன்று, இரண்டு, நாலு எதைக் கழற்றினாலும் வண்டி குளிர்ஜுரம் வந்தவன் மாதிரி ஆடுகிறது. மூன்றாவதைக் கழற்றினால் ஒரு மாற்றமும் இல்லை. சந்தேகத்துக்கு இன்னொரு தடவையும் பார்த்தேன். அதே மூன்றாவதுதான்.

அத்தை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "யார் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டாள். உதிரிபாகக் கடைக்காரர் என்று சொல்லி வைத்திருக்கிறேன். உனக்கு எழுதுவது அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் உன்னை வரச் சொல்லி எழுதச் சொல்வாள், நீ வரமாட்டாய், அந்த ஏமாற்றம் அவளுக்கு இப்போது வேண்டாம்.

வீட்டில் சொல்லிவிட்டுப் போனேன் என்று எழுதியிருந்தாய். பையனைப் போனில் கேட்டேன். "என்கிட்ட சொல்லலப்பா, அதான் அப்பவே சொன்னேனே" என்கிறான். வீட்டில் இருந்தது நாம் நாலு பேர். நான் இல்லை, அவன் இல்லை. எனக்குக் கணக்கு வரவில்லை.

ஜூன் 20

மாமாவுக்கு,

நல்ல காது உங்களுக்கு. இங்கே புதிதாக வந்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க ஒரு வாரம் ஆகிறது.

அடுத்து, மூன்றாவது பிளக்கையும் முதலாவது பிளக்கையும் இடம் மாற்றிப் போடுங்கள். குறை முதலாவதுக்குப் போனால் பிளக்தான் கெட்டது. மூன்றாவதிலேயே இருந்தால் வயரை மாற்றிப் பாருங்கள். அப்போதும் மூன்றாவதுதான் என்றால், நாலு வயரும் போய்ச் சேர்கிற டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உள்பக்கம் வெளிச்சத்தில் பாருங்கள். பென்சிலால் கிழித்த மாதிரி மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தால் அது விரிசல். கரண்ட் பிளக்குக்குப் போகாமல் அந்த வழியாக ஓடிவிடும். மூடியைப் புதிதாக வாங்க வேண்டியதுதான்.

புது மூடிக்கு வயர்களை ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ஒன்றைக் கழற்றினால் அதைப் புதியதில் மாட்டிய பிறகுதான் அடுத்தது. இதை மட்டும் மறக்க வேண்டாம்.

கணக்கு வரவில்லை என்கிறீர்கள். அத்தையைக் கேளுங்கள் மாமா. நான் இதற்கு மேல் எழுதினால் அவருக்குச் செய்யும் துரோகம்.

ஜூன் 26

அம்மா,

நீ மறக்க வேண்டாம் என்று சொன்னதை மறந்துவிட்டேன். மூடியில் கோடு இருந்தது, நீ சொன்ன மாதிரியே, முடி கனத்துக்கு. அதைப் பார்த்த சந்தோஷத்தில் நாலு வயரையும் ஒரே பிடியாக உருவிவிட்டேன். பிறகு எது எங்கே என்று தெரியவில்லை. புது மூடியில் தோன்றியபடி மாட்டிச் சாவியைத் திருப்பினேன். டமார் என்று ஒரு சத்தம். எதிர்வீட்டுக்காரர் சவரம் செய்துகொண்டிருந்த பாதி முகத்தோடு வெளியே ஓடிவந்தார். வண்டி கிளம்பவே இல்லை.

அன்றைக்கு டயாலிசிஸ் நாள். வாடகைக் கார் பிடித்தோம். திரும்பி வரும்போது அத்தை படுத்ததும் டிரைவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார். "சீட்டு வீணாயிடுங்க, கொஞ்சம் உக்காந்து வரச் சொல்லுங்க" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவர் பிழைப்பு அது. அத்தை எழுந்து உட்கார்ந்துகொண்டாள். கதவுக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்தபடி வீடுவரை வந்தாள்.

அடுத்த முறை போக மறுத்துவிட்டாள். "ஒரு நாள் போகலேன்னா ஒண்ணும் ஆயிடாது." நான் கெஞ்சினேன், கத்தினேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இன்று கால் இரண்டும் வீங்கியிருக்கிறது. மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்குகிறாள்.

வயர் எது எங்கே என்று உடனே எழுது. மற்றதை நான் இன்னும் கேட்கவில்லை. இந்த நிலையில் எப்படிக் கேட்பது?

ஜூன் 28

மாமா,

இதை எங்கள் டிப்போவிலிருந்து உங்கள் ஊருக்கு வரும் பஸ்ஸின் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன், தபாலுக்குக் காத்திருக்க முடியாது.

முதலில் அத்தை. ஒரு முறை தவறியதே அதிகம். வாடகைக் காரோ, ஆம்புலன்ஸோ, யார் தோளிலோ, இதைப் படித்ததும் கூட்டிப் போங்கள். வண்டி இரண்டாவது. அவர் மறுத்தால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். ஆமாம், என் பெயரைச் சொல்லுங்கள். இனி ஒளித்து வைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

இப்போது வயர். பழைய மூடியைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள், துணித் துண்டைக்கூடப் போடாத ஆள் நீங்கள். அதில் விரிசல் எந்தக் குழியிலிருந்து கிளம்புகிறதோ, அது மூன்றாவது சிலிண்டருடையது. மூடி ஒரே ஒரு விதமாகத்தான் உட்காரும், அதனால் புதியதிலும் அதே குழிதான். மூன்றாவது வயரை அங்கே மாட்டுங்கள். மூடியைத் திறந்து வைத்து, உள்ளே இருக்கும் ரோட்டர் எந்தத் திசையில் சுற்றுகிறது என்று யாரையாவது ஸ்டார்ட்டரை ஒரு நொடி தட்டச் சொல்லிப் பாருங்கள். அந்தத் திசையில், மூன்றுக்கு அடுத்த குழியில் நாலு, அப்புறம் இரண்டு, அப்புறம் ஒன்று. பதற வேண்டாம். எதையும் நீங்கள் உடைக்கவில்லை.

ஜூலை 5

அம்மா,

கண்டக்டர் கடைக்கே வந்து கொடுத்தார். அத்தையிடம் உன் கடிதத்தை அப்படியே நீட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் படித்தாள். எழுந்து புடவையை மாற்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் திட்டினாள். வாங்கிக்கொண்டோம்.

மறுநாள் வயரை மாட்டினேன். மூன்று, நாலு, இரண்டு, ஒன்று. ஸ்டார்ட்டரைத் தட்டியது எதிர்வீட்டுக்காரர், இந்த முறை முழு முகத்தோடு. சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் ஓடுகிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிறது, அவ்வளவு அமைதி.

அதற்கு அடுத்த டயாலிசிஸுக்குக் காரில் போகும்போதுதான் கேட்டேன். ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்க வசதியாக இருந்தது.

"அவ உன்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாளா?"

"ஆமா."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா நீங்க பின்னாடியே ஓடிப்போய் நிறுத்தியிருப்பீங்க. உங்க முகத்தப் பாத்து அவளும் நின்னிருப்பா. நின்னு? வேலைய விட்டுட்டு அவன்கூட வெளிநாடு போய் அங்க நாலு சுவத்துக்குள்ள உக்காரணும். அதான், போன்னு நான்தான் அனுப்பினேன்."

உன் ஸ்பேனர்களைச் சுற்றிக் கொடுத்ததும் அவள்தானாம். என் சாம்பல் நிற லைனிங் துணி ஒன்றரை மீட்டர் எங்கே போயிற்று என்று அந்த மாசம் முழுக்கத் தேடினேன். பக்கத்துக் கடைக்காரனைக்கூடச் சந்தேகப்பட்டேன்.

இரண்டு நாள் அவளிடம் பேசவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன், கூட்டி வந்தேன், மாத்திரை கொடுத்தேன், பேச்சு மட்டும் இல்லை. மூன்றாம் நாள் அவளே, "கோவம் போனதும் சொல்லுங்க, ஒரு ஜாக்கெட் பிரிச்சுத் தைக்கணும், எல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சு" என்றாள். அவள் தோளை அளந்து பார்த்தேன். எவ்வளவு இளைத்துவிட்டாள் என்று டேப்பில் பார்த்தபோதுதான் உறைத்தது. அதோடு கோபம் போய்விட்டது.

வண்டியில் இன்னும் ஒரு குறை இருக்கிறது. சமதளத்தில் வெண்ணெய் மாதிரி போகிறது. பாலத்தில் ஏறும்போது ஆக்சிலேட்டரை அழுத்தினால் ஒரு விக்கல். காலை எடுத்தால் சரியாகிவிடுகிறது. மறுபடி அழுத்தினால் மறுபடி விக்கல்.

ஜூலை 10

மாமாவுக்கு,

அத்தை மேல் எனக்குக் கோபமே இல்லை என்று சொல்ல முடியாது. அன்றைக்கு எனக்குள் பாதி, யாராவது நிறுத்தமாட்டார்களா என்று இருந்தது. அவர் நிறுத்தவிடவில்லை. இப்போது காலையில் சீருடை போடும்போது அவர் செய்ததுதான் சரி என்று தெரிகிறது. இதை அவரிடம் சொல்லுங்கள், இரண்டையும்.

மூன்றாவது சிலிண்டர் சரியாகிவிட்டது. இது வேறு குறை, ஒன்றின் பின்னால் இன்னொன்று ஒளிந்திருந்திருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் ஒரு வட்டத் தகர டப்பி இருக்கும். கார்புரேட்டரிலிருந்து அதற்கு ஒரு சின்னக் குழாய் வரும். டப்பி பக்கம் குழாயைக் கழற்றி, குழாயின் வாயை ஒரு மரக்குச்சியால் அடைத்துவிட்டு, அத்தை இல்லாத நாளில் தனியாகப் பாலம் ஏறிப் பாருங்கள். வண்டி கொஞ்சம் மந்தமாக இருக்கும். ஆனால் விக்கல் நின்றுவிட்டால் எழுதுங்கள், எங்கே என்று சொல்கிறேன்.

ஜூலை 15

அம்மா,

நின்றுவிட்டது. மூன்று தடவை ஏறி இறங்கினேன். பாலத்தடியில் நிற்கும் போலீஸ்காரர் எதையாவது தொலைத்துவிட்டேனா என்று கேட்டார்.

பையன் அடுத்த வாரம் வருகிறான். வாங்குகிற ஆளையும் பேசி வைத்துவிட்டானாம்.

ஜூலை 18

மாமாவுக்கு,

அப்படியென்றால் இதுதான். மூடிக்கு அடியில் ஒரு தட்டு இருக்கிறது. நீங்கள் ஆக்சிலேட்டரை அழுத்தும்போதெல்லாம் அந்த டப்பி தட்டைக் கொஞ்சம் நகர்த்தும். தட்டோடு சேர்ந்து விரல் நீளத்துக்கு ஒரு சின்ன வயரும் அசையும். பல வருஷம் அசைந்து அசைந்து உள்ளே கம்பி இற்றுப்போயிருக்கும். மேலுறை முழுதாக இருப்பதால் பார்த்தால் தெரியாது. இரண்டு விரலால் மெதுவாக மடக்கிப் பாருங்கள். உள்ளே கம்பி இல்லாத இடம் துணி மாதிரி தொய்யும்.

இத்துடன் புது வயர் ஒன்று வைத்திருக்கிறேன், முனைகளில் ஈயம் வைத்துப் பற்றவைத்துவிட்டேன். ஒரு பக்கம் திருகு, ஒரு பக்கம் செருகுவது. பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். கொஞ்சம் தொய்வு விட்டு மாட்டுங்கள், இழுத்துக் கட்டினால் இதுவும் அறுந்துவிடும். குழாயைப் பழையபடி செருக மறக்க வேண்டாம்.

உங்கள் பையன் வரும்போது என்னைப் பற்றிச் சண்டை போடாதீர்கள். வண்டிக்காக வேண்டுமானால் போடுங்கள்.

ஜூலை 30

அம்மா,

வயரைத் தொட்டதுமே தெரிந்தது. ஐம்பது வருஷம் நூலைத் தொட்ட விரல். ஒரு இடத்தில் சோர்ந்து மடிந்தது. புதியதை மாட்டினேன், பாலம் தெரியாமல் பாலத்தைத் தாண்டினேன்.

பையன் வந்தான். விமான நிலையத்திலிருந்து அவனை இந்த வண்டியில்தான் கூட்டிவந்தேன். பாலத்தில் ஏறியதும் காதைத் தீட்டிக்கொண்டான்.

"என்னப்பா, இன்ஜினே மாத்திட்டீங்களா?"

"ஒரு மூடி, ஒரு வயர்."

"யார் பாத்தது?"

"உன் பொண்டாட்டி."

வீட்டுக்கு வந்ததும், வாங்க வருகிற ஆளுக்குப் போன் செய்து, வண்டி விற்பனைக்கு இல்லை என்று அவனே சொல்லிவிட்டான். மறுநாள் அத்தையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனதும் அவன்தான். நாலு மணி நேரம் அந்த மிஷின் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்து, வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றான். போனில் கேட்டது வேறு, கண்ணால் பார்த்தது வேறு.

அத்தை அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், தான் அனுப்பியது உட்பட. அவன் அவளைத் திட்டவில்லை. என்னிடம் வந்து உன் முகவரியைக் கேட்டான். எதற்கு என்றேன். "முடிக்க வேண்டியத முறையா முடிக்கணும்ப்பா. அவளும் எத்தனை நாள் இப்படி நிப்பா" என்றான். அவன் குரலில் வம்பு இல்லை. ஆனாலும், "அவளக் கேக்காமத் தரமாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். அவனுக்கு வருத்தம்தான். இருக்கட்டும்.

கொடுக்கட்டுமா?

ஆகஸ்ட் 4

மாமாவுக்கு,

கொடுங்கள்.

கொடுக்கும் முன் என்னைக் கேட்டு எழுதிய அந்தக் கடிதத்தை ஸ்பேனர் சுற்றிய துணிக்குள் வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 19

மாமாவுக்கு,

அவர் அனுப்பிய தாள்கள் வந்தன. படித்தேன், நியாயமாகத்தான் எழுதியிருக்கிறார். கூட ஒரு சின்னக் கடிதமும் வைத்திருந்தார், அது எங்கள் இரண்டு பேரோடு இருக்கட்டும். நேற்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். வக்கீல் சொல்கிறபடி பார்த்தால், முத்திரை விழுந்ததும் உங்களுக்கும் எனக்கும் ஒரு உறவும் இல்லை.

டேப்பட் பார்த்து ரொம்ப நாளாகியிருக்கும். அந்த வால்வு இடைவெளி கூடினாலும் குறைந்தாலும் கொஞ்ச நாளில் மறுபடி மிஸ்ஸிங் வரும். இதை எழுதிச் சொல்லிக்கொடுக்க முடியாது, நானே செய்ய வேண்டும். மேஸ்திரியிடம் லீவு கேட்டிருக்கிறேன். வருகிற ஞாயிறு காலை ரயிலில் வருகிறேன், இரண்டு நாள் இருப்பேன். திங்கட்கிழமை அத்தையை நான் கூட்டிப் போகிறேன்.

டேப்பட் பார்க்க இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சனிக்கிழமை இரவுக்கு அப்புறம் வண்டியைக் கிளப்பவே கூடாது.

செப்டம்பர் 22

அம்மா,

அத்தை உன் கடிதத்தைக் கையை விட்டுக் கீழே வைக்கவில்லை, நீ எழுதியதை நினைவில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். மாடி அறையைப் பெருக்கச் சொல்லியிருக்கிறாள், அவளே ஏறிப் போய்ப் பார்க்கக் கூடாது என்று மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

வக்கீல் சொன்னதை அவளிடம் படித்துக் காட்டினேன். "அந்த வக்கீல் வண்டியப் பத்தி ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப விடுங்க" என்றாள்.

நீ சொன்னபடி சனிக்கிழமை ராத்திரியே சாவியை அத்தையிடம் கொடுத்துவிடுகிறேன். வண்டி ஆறட்டும். ஞாயிறு காலை உன்னைக் கூப்பிட ஸ்டேஷனுக்கு நான் பஸ்ஸில் வருகிறேன்.

மாமா